பால்கோவா கிடைத்தால் தோல்வி

ராஜபாளையத்தில் பேண்டேஜ்காரரிடம் பேசி ஜெயித்தவர் எவரும் கிடையாது. பேசாமல் ஜெயித்தவள் ஒருத்தி உண்டு.

பேண்டேஜ் துணி நெய்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறவர் அவர். மனைவி இறந்துபோன மறு வருஷம், மனநல ஆலோசகர் படிப்புக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கப் போவதாகச் சொல்லி என்னைச் செயலாளர் ஆக்கினார். "கைகால்ல அடிபட்டா கட்ட நம்ம துணி இருக்கு. மனசுல பட்டா எவன்ட்ட போவான்?" என்றார்.

நேர்முகத் தேர்வு மதுரை பஸ்ஸில், ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும். முன்சீட்டில் அவரும் படிக்க வந்த பிள்ளையும், பின்சீட்டில் நான். மனைவி போனதிலிருந்து தூக்கம் வரவில்லை என்று ஒரே கதையைத்தான் எல்லாரிடமும் சொல்வார். பரீட்சைக்காகக் கட்டிய கதை என்றே நினைத்திருந்தேன். கேட்கிற பிள்ளை யோசனை சொல்லிவிட்டால் தீர்ந்தது. இறங்கியதும் கால் கிலோ பால்கோவா வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

நம் ஊரில் யோசனை சொல்லாமல் இருக்க யாரால் முடியும்? ஒரு பையன் கசகசாப் பால் குடிக்கச் சொன்னான். ஒரு பெண் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னாள். கண்டக்டர், "செத்த நேரம் நடந்துட்டுப் படுங்க ஐயா" என்றார். அவருக்கும் பால்கோவா கிடைத்தது. ஒரு அப்பா விவரம் தெரியாமல் அதைத் தெரு முழுக்கக் கொடுத்து, மகன் ஜெயித்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்.

சோழபுரத்திலிருந்து செல்வி வந்தாள். இந்தப் படிப்பைத் தவிர வேறெதற்கும் அவள் ஆசைப்பட்டதில்லை. அப்பா ரிட்டயர்டு ஏட்டு. "கெடச்சா படிக்கட்டும். இல்லைன்னா நாளைக்கே போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகணும்" என்று சொல்லிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பைக்கோடு காத்திருந்தார்.

"ராத்திரி படுத்தா தூக்கமே வரலம்மா" என்று ஆரம்பித்தார் பேண்டேஜ்காரர். செல்வி கேட்டுக்கொண்டே வந்தாள். பாதி வழியில் அவள் வாயைத் திறக்கவும், இவளுக்கும் பால்கோவாதான் என்று நினைத்தேன்.

"ஒங்க வீட்டம்மா, அவிய இருந்தப்ப எப்படித் தூங்குவீங்க ஐயா?" என்றுதான் கேட்டாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவ கொறட்டை விடுவாம்மா. இத்தன வருஷமும் அதை வைஞ்சுக்கிட்டேதான் தூங்கினேன்." இது எனக்கே புதிய செய்தி.

பஸ் ஸ்டாண்டில் அவர் எழுந்திருக்கவில்லை. "ஐயா, ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துட்டு" என்றார் கண்டக்டர்.

"கிருஷ்ணன்கோவிலுக்கு மூணு டிக்கெட் போடுப்பா. இன்னும் பேசி முடியல."

பால்கோவா கிடைத்தால் ஜெயிப்பு என்று அவரும் நம்பியிருந்தார் போல, ஏட்டையா ஜன்னலுக்கு ஓடிவந்து என்னிடம் கேட்டார். "சார், பிள்ளைக்குப் பால்கோவா உண்டா?"

"இல்லையே."

"பொறவு ஏன் எறங்கல?"

பதில் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அவர் பைக்கில் துரத்திக்கொண்டே வந்தார்.

கிருஷ்ணன்கோவிலில் பேண்டேஜ்காரர் அவரிடம், "பிள்ளைய ஓட விடாதீங்க. படிக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன்" என்றார். செல்வி அழுதுகொண்டே அப்பாவின் பைக்கில் ஏறினாள்.

திரும்பும் பஸ்ஸில் பேண்டேஜ்காரர் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அவர் விட்ட குறட்டைக்கு டிரைவரே திரும்பிப் பார்த்தார். ராஜபாளையம் வந்தும் எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. கண்டக்டரைக் கூப்பிட்டு, அடுத்து வரும் சேத்தூருக்கு இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.