நத்தைகளைச் சாய்க்க ஒரே பட்டன்

பட்டனைத் தட்டியதும் அறிக்கை முழுக்க எழுத்துகள் சாய்ந்துவிட்டன. நத்தைகளின் பெயர் மட்டும் சாய வேண்டும் என்றுதான் ஷார்ட்கட் சார் நினைத்திருந்தார். பார்த்தால், ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் இரண்டு வார்த்தையும் புயலில் மாட்டிய மரம் மாதிரி படுத்துக் கிடந்தது.

நத்தை ஆராய்ச்சிக் கூடத்தில், அறிக்கைகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்புவது அவர் வேலை. எதற்கும் குறுக்கு வழி தேடுவதால் அந்தப் பெயர். அவர் தேடி முடிப்பதற்குள் மற்றவர்கள் நேர் வழியில் போய்த் திரும்பியே வந்திருப்பார்கள்.

உயிரினங்களின் விஞ்ஞானப் பெயரைச் சாய்ந்த எழுத்தில் போட வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். ஆங்கிலத்தில் எழுதிய புது அறிக்கையிலோ திரும்பிய பக்கமெல்லாம் நத்தை. ப்ரூஃப் பார்க்கும் அம்மா, ஒவ்வொரு பெயராகப் பார்த்துச் சாய்க்க மூன்று வாரம் கேட்டார். மீட்டிங்கில் அத்தனை பேர் முன்னால் ஷார்ட்கட் சார் சிரித்தார்.

“இதுக்குப் போய் மூணு வாரமா? மேக்ரோன்னு ஒண்ணு இருக்கும்மா. கம்ப்யூட்டருக்கு ஒரு தடவை சொல்லிக் குடுத்தாப் போதும், அதுவே எல்லாத்தையும் செஞ்சுக்கும். ஒரே பட்டன்.”

அந்த அம்மா லீவ் எழுதிக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். டைரக்டர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரே பட்டனில் முடித்துத் திங்கட்கிழமை கொண்டு வந்தால், காலியாக இருக்கும் செக்‌ஷன் தலைவர் பதவியைப் பற்றிப் பேசலாம் என்றார். ஷார்ட்கட் சார் அந்த நாற்காலியைப் பார்த்து ஏங்காத நாள் கிடையாது.

அதனால்தான் சனிக்கிழமையும் அதுவுமாக லேப்டாப்பும் கையுமாக வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இருந்தார். விஞ்ஞானப் பெயரில் முதல் வார்த்தைக்குப் பெரிய எழுத்து, இரண்டாவதற்குச் சின்ன எழுத்து. அந்த மாதிரி ஜோடி எங்கே வந்தாலும் சாய்த்துவிடு என்று சொல்லிக் கொடுத்திருந்தார். ஆங்கிலத்தில் எல்லா வாக்கியமும் அப்படித்தான் ஆரம்பிக்கும் என்பது அந்த மேதைக்குத் தோன்றவில்லை.

சரி என்று விதியை மாற்றினார். லத்தீன் பெயர்கள் பாதிக்கு மேல் ‘அஸ்’ என்றோ ‘ஆ’ என்றோ முடிவதைக் கண்டுபிடித்து, அப்படி முடிவதையெல்லாம் சாய்க்கச் சொன்னார். நத்தைகள் சாய்ந்தன. கூடவே வைரஸ் சாய்ந்தது. ஆய்வாளர்கள் கடற்கரைக்குப் போன பஸ் சாய்ந்தது. விருந்தினர் அறைக்கு வாங்கிய சோபாவும் ஒரு ஜீவராசியாகிவிட்டது.

அவர் மனைவி காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்துவிட்டு, பஸ் கவிழ்ந்துவிட்டதே, யாருக்காவது அடிபட்டதா என்று விசாரித்தாள். இதெல்லாம் டெக்னிக்கல், உனக்குப் புரியாது என்றார் அவர். புரிந்தவருக்கு என்ன ஆனது என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயத்தை எடுத்தாள்.

அடுத்ததாக, சுருக்கி எழுதிய பெயர்களுக்கு ஒரு விதி போட்டார். ஒற்றை எழுத்து, ஒரு புள்ளி, அதை அடுத்து ஒரு வார்த்தை. இந்தத் தடவை முதல் பக்கத்திலேயே பலன் தெரிந்தது.

“என்னங்க, உங்க டைரக்டரும் நத்தையா?”

“ஏன் கேக்கறே?”

“இனிஷியலோட சாஞ்சு கிடக்காரே.”

ஷார்ட்கட் சார் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எல்லாவற்றையும் நேராக்கும் கட்டளை ஒன்று உண்டு. அவசரத்தில் அதைத் தட்டினார். டைரக்டர் நிமிர்ந்தார், பஸ் நிமிர்ந்தது, நத்தைகள் எல்லாமும் நிமிர்ந்துகொண்டன. தலைப்புகளின் தடித்த எழுத்து போயிற்று. உள்தலைப்பு எது, பத்தி எது என்ற வித்தியாசமும் போயிற்று. எங்கே இதுவும் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் உடனே சேவ் செய்து மூடினார். பழைய பிரதி வைத்திருந்தாரா என்று கேட்காதீர்கள். பிரதி எடுப்பதெல்லாம் பயந்தாங்கொள்ளிகளின் வேலை என்று ஆபீசில் சொல்லித் திரிந்தவர் அவர்.

மத்தியானம் மைத்துனனை போனில் கூப்பிட்டு, அவனுடைய லேப்டாப்போடு வரச் சொன்னார். ஃபைலை மூன்றாக வெட்டி ஆளுக்கு ஒரு பங்கு. மனைவிக்கு மகளின் கம்ப்யூட்டர். தலைப்பு வந்தால் தடிமனாக்கு. பெயரைத் தேடு, தேர்ந்தெடு, சாய். தேடு, தேர்ந்தெடு, சாய்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனைவி விரலைச் சொடுக்கு எடுத்தபடி கேட்டாள், “அந்த ஒரே பட்டன்னு சொன்னது என்னைத்தானா?”

“கொஞ்சம் மெதுவாப் பேசு.”

“நல்ல மேக்ரோதான் மாமா,” என்றான் மைத்துனன். “நடுநடுவுல காபி மட்டும் கேக்குது.”

திங்கட்கிழமை டைரக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு நத்தைகூட நிமிர்ந்து நிற்கவில்லை. இதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டார். இந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். செக்‌ஷன் தலைவர் நாற்காலி கண் முன்னால் சுழன்றது.

“ரெண்டு நிமிஷம் சார். ஒரே பட்டன்.”

“கூட மாட யாரும் உதவலையா?”

“எதுக்கு சார்? இந்த வேலைக்கு ஆளே தேவையில்லை.”

டைரக்டர் வெகுநேரம் தலையாட்டினார். ரொம்ப நாளாக இப்படி ஒரு பதிலைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். உத்தரவு இன்றைக்கே தயாராகிவிடும் என்றும் சொன்னார். ஷார்ட்கட் சார் காற்றில் மிதந்தபடி தன் அறைக்கு வந்தார். புது அறைக்கு எடுத்துப் போவதற்காக மேஜை டிராயரை ஒழித்து, பேனாக்களை ஒரு பையில் போட்டுத் தயாராக வைத்தார். மனைவிக்கு போன் பண்ணி, இனிமேல் என்னிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசு என்றுகூடச் சொல்லிவிட்டார்.

கதவைத் தட்டிக்கொண்டு ஆபீசுக்கு டீ கொண்டு வரும் அக்கா வந்தாள். இன்றைக்குக் கையில் டீ இல்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்கு எதிரே இருந்த அவருடைய நாற்காலியில் கூச்சத்தோடு நுனியில் உட்கார்ந்தாள்.

“உங்களை குடோனுக்கு மாத்திட்டாங்களாம் சார், இனிமே இந்த வேலையை என்னையே பாத்துக்கச் சொல்லிட்டாங்க, அந்தப் பட்டன் எதுன்னு மட்டும் காட்டிட்டுப் போயிடுங்க.”