கார்டில் எழுதாமல் விட்ட கிழமை

கையெழுத்து அழகாக இருப்பவர்களை எந்தப் பொறுப்பிலும் வைக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில் நான் அருப்புக்கோட்டையில் பள்ளி ஆசிரியை. ஞாயிறுதோறும் ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். எழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று எங்கள் வட்டார ஆர்கன் வாசிப்போர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். (வாசிப்பைக் கேட்டிருந்தால் யோசித்திருப்பார்கள்.)

சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். திருச்சுழி, மல்லாங்கிணறு, காரியாபட்டிப் பக்கத்துச் சபைகளில் காலால் மிதித்து வாசிக்கிற ஆர்கனோடு மல்லுக்கட்டும் ஒன்பது பேர், நான் பத்தாவது. கோடை வெயிலுக்குக் கூட்டம் கிடையாது. ஜூனில் சங்கத்துக்குப் புது வருடம். செயலாளர் எல்லோருக்கும் கார்டு போட்டு, கூட்டி வைத்து, வரவேற்றுப் பேச வேண்டும்.

கார்டு போட்டேன். வீட்டுக் காலண்டரில் ஒரு சனிக்கிழமையைப் பார்த்துத் தேதியை எழுதினேன். கிழமை எழுத இடமில்லை. 'இன்னிசை வேந்தர்களே' என்று தொடங்கி வரவேற்று முடிப்பதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது. அது போன வருடத்துக் காலண்டர். படம் நன்றாக இருக்கிறதென்று அம்மா கழற்றாமல் வைத்திருந்தாள். ஆறு மாதமாக அதைக் கவனிக்காத நான்தான் பள்ளியில் பிள்ளைகளுக்குத் தேதி கிழமை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஆலயத்துக்குப் பின்னால் இருந்த ஹாலில் பத்து நாற்காலி போட்டு ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. அவர்களுக்காக வாங்கிய காராச்சேவில் முக்கால்வாசியைக் கோபத்தில் நானே தின்றேன். வீட்டுக்கு வந்து ஒன்பது பேருக்கும் மறுபடி கார்டு எழுதினேன். 'உங்களைப் போன்ற பொறுப்பற்றவர்களோடு இனி எனக்கு எந்த உறவும் இல்லை.' சாயங்காலமே தபால் பெட்டியில் போட்டுவிட்டேன்.

மறுநாள் ஆராதனையில் முதல் பாட்டு பாதியில் இருந்தபோது, ஒன்பது பேரும் வரிசையாக உள்ளே வந்து கடைசியில் உட்கார்ந்தார்கள். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் பலமாக மிதித்தேன்.

பாட்டு முடிந்ததும் போதகர், "புதுசா வந்திருக்கவுக யாருன்னு சபைக்குச் சொல்லுங்க" என்றார்.

சங்கத் தலைவர் எழுந்தார். காரியாபட்டிக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "சங்கத்தோட வரவேற்புக் கூட்டத்துக்கு வந்திருக்கோம் ஐயா. டீச்சர் கார்டு போட்டிருந்தாக."

"அது நேத்து சார்!" என்றேன், ஆர்கனுக்குப் பின்னாலிருந்து.

அவர் சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்துச் சபைக்கே கேட்கும்படி தேதியை வாசித்தார். "இன்னைக்குத் தேதி அதான டீச்சர்?"

சபை மொத்தமும் சுவரில் இருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

"அது கெடக்கட்டும்," என்றார் போதகர். "ஞாயித்துக்கெழம அம்புட்டுப் பேரும் இங்க வந்துட்டா, உங்க சபைகள்ல இப்ப யாரு வாசிக்கிறாக?"

ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "டீச்சர் எங்க சபை ஐயாமார் எல்லார்கிட்டயும் கேட்டுத்தான் நாள் குறிச்சிருப்பாகன்னு நெனச்சோம்" என்றார் தலைவர், மெதுவாக.

போதகர் பெருந்தன்மையானவர். ஆராதனை முடிந்ததும் அங்கேயே வரவேற்றுப் பேசச் சொல்லிவிட்டார். சபையும் கலையவில்லை. (எப்படிக் கலையும்?) 'நீங்கள் இல்லையென்றால் நம் சபைகளில் பாட்டே எழும்பாது' என்று வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் தபால் பெட்டிக்குள் கிடக்கிற ஒன்பது கார்டும் ஞாபகத்துக்கு வந்தன. அதற்கு மேல் எனக்குக் குரல் எழும்பவில்லை. உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை, பெட்டியைத் திறக்க வந்த தபால்காரரிடம் கெஞ்சினேன்.

"நீங்கதான் எழுதுனீகன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கார்டில் இருந்ததை வரி தப்பாமல் ஒப்பித்தேன். அவர் ஒன்றை எடுத்துச் சரிபார்த்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா பெட்டியில விழுந்தது போய்ச் சேரணும் டீச்சர்" என்று பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

போய்ச் சேர்ந்தது. அதே வாரத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. ஞாயிறன்று அவர்களுடைய சபைகளில் ஆர்கன் இல்லாமல் பாடியது நன்றாக இருந்ததாம்; மல்லாங்கிணறு சபையார், "சங்கத்துல அடுத்த கூட்டம் எப்ப?" என்று ஆவலாகக் கேட்டார்களாம். என் கார்டு அந்த நேரம் பார்த்துத்தான் ஒன்பது பேர் கையிலும் கிடைத்திருக்கிறது.

எட்டுப் பேர் பதில் போடவில்லை. திருச்சுழிக் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒருவர் மட்டும் போட்டார். 'இனி உறவு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதுவரை என்ன உறவு இருந்தது என்று தெரிவித்தால் நல்லது.'

தெரிவிப்பதற்கு ஒரு வருடமும் ஏகப்பட்ட கார்டுகளும் ஆயின. பிறகு கல்யாணம் செய்துகொண்டோம்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் திட்டுவதற்குக் கார்டு போடுவது என்றுதான் பெயர். மதுரையில் இருக்கும் மகள் தினமும் அப்பாவுக்குப் போன் செய்து, "இன்னைக்கு அம்மா கார்டு போட்டாங்களா?" என்று கேட்கிறாள்.

"ரெண்டு" என்கிறார் இவர்.