விருந்தினர் அறையில் வைத்த வெங்காயம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. இன்னொருவர் எழுதிய வாக்கியத்தைக் கண்டால் கை சும்மா இராது. கல்யாண அழைப்பிதழ் வந்தால் யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பதற்கு முன்னால் வசனம் சரியா என்று பார்ப்பேன். ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில், வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சுவரில் இருந்த அறிவித்தலைத் திருத்தச் சொல்லிச் சைகை காட்டினேன். (பக்கத்துப் பல்லும் வலிக்கிறதாக்கும் என்று வைத்தியர் அதையும் தட்டிப் பார்த்தார்.) இந்த வியாதியால் ஒரு கப்பல் திருகோணமலைத் துறைமுகத்தில் இடியப்ப மாவோடு தவித்து நின்ற கதையை இப்போது ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. தமிழில் சிறப்புப் பட்டம் வாங்கிய திமிர் இன்னும் இறங்கவில்லை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் வாங்கிக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. தமிழுக்கும் உருளைக்கிழங்குக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். நேர்முகத்தில் நானும் கேட்டேன். கடிதம் எழுத ஆள் தேவை என்றார்கள்.

எங்கள் மனேஜர் மனுவேல் சேர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், திங்கள் தவறாமல் புதுத் திட்டம் கொண்டு வருகிறவர். கொழும்பில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்து, "இனி எங்கட ஒஃபிஸ் பேப்பர் இல்லாத ஒஃபிஸ்" என்று அறிவித்தார். எந்தக் கடதாசி வந்தாலும் கொம்பியூட்டரில் அடிக்க வேண்டும், அடித்ததும் கடதாசியைக் கிழித்துப் போட வேண்டும். வைத்திருப்பவர் பழைய ஆள். இந்தச் சட்டத்தை அவர் ஒரு கடதாசியில் அச்சடித்து எல்லா மேசையிலும் ஒட்டினார்.

இதற்காக மூலையில் ஒரு சேர்வர், எல்லாருக்கும் பொதுவான பெரிய கொம்பியூட்டர், வந்து குந்தியது. பொருத்தியவர் கிண்ணியா ரிஸ்வி நானா. (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்போம்.) அதிகம் பேசமாட்டார், பேசினால் திருத்த இடம் இருக்காது. அந்தச் சேர்வருக்குள் எந்தக் கோப்புறை எதற்கு என்று அவரே நான்கு வரியில் ஒரு கையேடு எழுதிக் கொடுத்தார். அது இப்படி இருந்தது:

ஹோம்: உங்கட சாமான் வைக்கிற இடம். கடவுச்சொல் போட்டால்தான் திறக்கும்.

ஈரிசி: தொடாதீங்க.

வார்: மெசின் தன்பாட்டில எழுதுற இடம். பாருங்க, தொடாதீங்க.

ரெம்ப்: இங்க ஒண்டும் வைக்காதீங்க. கொம்பியூட்டர் நிண்டு திரும்ப எழும்பினா எல்லாம் அழிஞ்சு போகும்.

மனுவேல் சேர் அதை வாசித்துவிட்டு முகத்தைச் சுழித்தார். "என்ன இது, நாய் கடிக்கும் எண்டு கேற்றில எழுதின மாதிரிக் கிடக்கு. மங்கை, நீர் தமிழ் படிச்ச பிள்ளை. இதை வடிவாக்கித் தாரும். புதன்கிழமை பால் பொங்கித் திறக்கிறம்."

ஓம், சேர்வருக்குப் பால் பொங்கினோம். புதுவீட்டுக்குப் பொங்கலாம், புது லொறிக்குப் பொங்கலாம், சேர்வர் மட்டும் என்ன பாவம் செய்தது? எங்கள் அலுவலகத்தில் மூன்று சமயத்து ஆட்களும் இருந்தார்கள், பால் விஷயத்தில் மூன்று சமயமும் ஒற்றுமை.

நான் அன்று இரவுச் சாப்பாட்டைக்கூட மறந்து எழுதினேன். எங்கள் வீட்டில் வெளிக்கிடும்போது "போறன்" என்று சொல்ல முடியாது. வாய் தவறிச் சொன்னால் அம்மா வாசல் படலையிலிருந்து திருப்பிக் கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, தண்ணீர் தந்து, "போட்டு வாறன்" என்று சொல்லவைத்துத்தான் விடுவா. அப்படி வளர்ந்த எனக்கு, பால் பொங்குகிற நாளில் விரிக்கப்போகிற ஏட்டில் 'அழிஞ்சு போகும்' என்ற சொல் கிடப்பதைக் காணப் பொறுக்கவில்லை. அமங்கலச் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தேன். என் கைவண்ணத்தில் கையேடு இப்படி ஆனது:

ஹோம்: உங்கள் உழைப்பின் கருவூலம்.

ஈரிசி: அமைப்பின் உயிர்மூச்சு உறையும் கருவறை. வெளியே நின்று வணங்குக.

வார்: காலம் தன் கதையைத் தானே எழுதிச் செல்லும் ஏடு.

ரெம்ப்: விருந்தினர் அறை. சிறிது காலம் தங்கவரும் கோப்புகளை முகமலர்ந்து வரவேற்கும் இடம். எவரும் எதனையும் தயக்கமின்றி வைக்கலாம்.

அட்டையில் 'தொழில்நுட்பம்: ரிஸ்வி' என்று எறும்பு அளவில் போட்டேன். அதற்குக் கீழே 'மொழிச் செம்மையாக்கம்: செல்வி மங்கையர்க்கரசி, தமிழ்ச் சிறப்புப் பட்டதாரி' என்று, வீதியால் போகிறவரும் வாசிக்கக்கூடிய எழுத்தில். இந்த அட்டையை ஞாபகம் வைத்திருங்கள்.

பால் பொங்கிய அன்று ரிஸ்வி நானா கையேட்டை இரண்டு தரம் புரட்டினார்.

"தங்கச்சி, எல்லாம் வடிவுதான். அழிஞ்சு போகும் எண்டு நான் எழுதினது எங்க?"

"நல்ல நாளில அப்பிடி எழுதலாமோ நானா? சிறிது காலம் எண்டு போட்டிருக்குத்தானே. விளங்கிற ஆக்களுக்கு விளங்கும்."

"விளங்காத ஆக்களுக்குத்தானே நாம எழுதுறம்" என்றார். அதற்குள் மனுவேல் சேர் கைதட்டத் தொடங்கிவிட்டார். ரிஸ்வி நானா பால் குடித்துவிட்டு, தோப்பூரில் இன்னொரு வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

என் தமிழ் வேலை செய்தது. அதுதான் பிரச்சினை. 'கருவூலம்' என்ற சொல்லைக் கண்டு எல்லாரும் பயந்து ஹோம் பக்கமே போகவில்லை. கருவறையை வெளியே நின்று வணங்கினார்கள். மொத்த அலுவலகமும் விருந்தினர் அறைக்குள் குடியேறியது. மனுவேல் சேர் தன்னுடைய மேடைப் பேச்சுகளை அதில் வைத்தார். நானும் என் கவிதைகளை வைத்தேன். (அவை அழிந்ததில் யாருக்கும் நட்டமில்லை என்று பிற்பாடு ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.)

எல்லாரையும்விட மகிழ்ந்தவர் புஷ்பம் அக்கா. திரியாயிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, கப்பல்களின் சாமான் பட்டியலை அடித்து வைக்கிறவர். வீட்டில் அவருடைய உழைப்பை நம்பி மூன்று பேர். அந்த மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிப்பது மனுவேல் சேரின் கையில் இருந்தது. "முந்தி எங்க வைக்கிறதெண்டே பயம் மங்கை. நீர் எழுதினதை வாசிச்சாப்பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது" என்று என்னிடம் சொன்னார். அந்தப் பாராட்டை நான் அம்மாவிடம் நான்கு தரம் சொன்னேன்.

மூன்று கிழமை ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு கப்பல் வந்தது. அதன் சமையற்காரர் அறுபதுக்கு மேற்பட்ட சாமான்களைக் கடதாசியில் எழுதி, படகில் அனுப்பியிருந்தார். புஷ்பம் அக்கா பின்னேரம் முழுவதும் இருந்து அதை அடித்து, விருந்தினர் அறையில் வைத்து, சட்டப்படி கடதாசியைக் கிழித்து, கேற்றடிக் குப்பைப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் பின்னேரம் நான்கு மணிக்குக் கப்பல் புறப்படுகிறது.

மறுநாள் காலை நாங்கள் வரும்போது கரண்ட் இல்லை. பற்றரி கொஞ்ச நேரம் கீச்கீச் என்று கத்திவிட்டு ஓய்ந்தது, சேர்வர் நின்றது. ஒன்பதரைக்குக் கரண்ட் வந்தது. புஷ்பம் அக்கா விருந்தினர் அறையைத் திறந்தார். உள்ளே ஒரு குஞ்சு குருமான் இல்லை.

நான் ரிஸ்வி நானாவுக்கு போன் எடுத்தேன்.

"எங்க வச்ச?"

"ரெம்பில, நானா."

"அப்ப அது மௌத்து, தங்கச்சி."

நான் பொறுக்கி எறிந்த அத்தனை அமங்கலமும், சாவு என்று பொருள்படும் அந்த ஒரு சொல்லில் திரும்பி வந்து சேர்ந்தது.

"கடதாசி!" என்று யாரோ கத்த, எல்லாரும் கேற்றடிக்கு ஓடினோம். எங்கள் ஊரில் புள்ளிமான்கள் மாடுகளைப்போல வீதியில் திரியும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கிடைத்ததைத் தின்னும். பெட்டிக்குப் பக்கத்தில் கொம்புள்ள ஒன்று நின்று நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. வாய் ஓரத்தில் கடைசித் துண்டு. நான் பிடித்து இழுத்தேன். அதில் 'வெங்காயம்' என்று மட்டும் இருந்தது. எவ்வளவு என்பது மானுக்குள் போய்விட்டது.

"கப்பலுக்குப் போன் எடுத்துத் திரும்பக் கேப்பம் சேர்" என்றார் புஷ்பம் அக்கா, அலுவலகத்துக்குள் திரும்பியதும். அன்று அந்த வளவில் பேசப்பட்ட ஒரே புத்தியான வார்த்தை.

"என்ன கதை கதைக்கிறீர்? இந்த ஒஃபிஸில ஒரு துண்டும் துலையாது எண்டு நேற்றுத்தான் கப்டனுக்குச் சொன்னனான்." சேரின் முகம் சிவந்தது. "அது சரி, ஆர் உம்மை அதுக்குள்ள வைக்கச் சொன்னது? இந்த நிலையில உம்மட ஒப்பந்தத்தை நான் எப்பிடிப் புதுப்பிக்கிறது?"

அக்காவின் கண் நிரம்பிவிட்டது. "தயக்கமில்லாம வைக்கலாம் எண்டு எழுதிக் கிடந்தது சேர். அதுதான் வச்சனான்."

"ஆர் அப்பிடி எழுதினது?"

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அலுமாரியின் கைப்பிடியை ஆராய்ந்துகொண்டு நின்றேன். அந்த அரை நிமிடத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. ஒப்புக்கொண்டது நான் அல்ல, அட்டை. மனுவேல் சேர் மேசையில் கிடந்த கையேட்டைத் திருப்பினார். கண்ணாடி போடாமலே வாசிக்கக்கூடிய எழுத்தில் என் பெயர், பட்டம், எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தன.

பட்டியலை ஞாபகத்திலிருந்து எழுதுவதென்று சேர் தீர்மானித்தார். அறுபது சாமானில் புஷ்பம் அக்காவுக்குப் பயத்தில் ஒன்பதுதான் வந்தது. மிச்சத்தை அலுவலகம் ஒன்றாகக் கூடி ஊகித்தது. ஒவ்வொருவரும் கடலில் ஒரு மாதம் இருந்தால் தமக்கு என்ன தேவைப்படும் என்று யோசித்தார்கள். செத்தல் மிளகாய் வந்தது. தேங்காய் வந்தது, அதைத் துருவத் திருவலை வந்தது. முருங்கைக்காய், கருவாடு, இடியப்ப மா, மாவைத் தொட்டு இடியப்ப உரல். வெங்காயத்துக்கு மட்டும் எழுத்து ஆதாரம் இருந்ததால், பிழை வரக்கூடாதென்று இரண்டு மூட்டை சின்ன வெங்காயம்.

"எழுதின ஆளே கொண்டுபோய்க் குடுக்கட்டும்" என்றார் சேர். நான் மூட்டைகளோடு படகில் ஏற்றப்பட்டேன். புஷ்பம் அக்கா கேட்காமலே கூட ஏறினார். என்னோடு கோபிக்கக்கூட இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

கப்பலின் சமையற்காரர் கதவளவு மனிதர். எந்த நாட்டவர் என்று இன்றுவரை தெரியாது. உடைந்த ஆங்கிலத்தில் அவரும், அதைவிட உடைந்த ஆங்கிலத்தில் நானும் பேசினோம். அவர் முதல் மூட்டையிலிருந்து முருங்கைக்காயை உருவி எடுத்து, கோடு போடும் அடிமட்டத்தைப் பார்ப்பதுபோல் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு இடியப்ப உரலை எடுத்துக் கண்ணில் வைத்து ஓட்டையால் என்னைப் பார்த்தார்.

"நான் கேட்டது முட்டை. உருளைக்கிழங்கு. கோப்பி. என் பட்டியல் எங்கே?"

எனக்குத் தெரிந்த அலங்காரம் எல்லாம் அந்த மேல்தளத்தில் செத்துப்போயிற்று. உண்மையைச் சொன்னேன். "மான் தின்றுவிட்டது."

அவர் இடியப்ப உரலைக் கீழே வைத்தார். பிறகு சட்டைப்பையில் கைவிட்டு, நாலாக மடித்த ஒரு கடதாசியை எடுத்து நீட்டினார். பட்டியலின் இரண்டாவது பிரதி. காலையில் ஒரு போன் எடுத்திருந்தால் அதையே வாசித்திருப்பார். புஷ்பம் அக்கா அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "இதைக் கிழிக்க மாட்டன்" என்று அவருக்குத் தமிழில் சத்தியம் செய்தார். அவருக்கு விளங்கியது.

சந்தைக்கும் துறைக்குமாக நாங்கள் ஓடி முடிக்க, கப்பல் ஆறரைக்குப் புறப்பட்டது. நாங்கள் திரும்பியதும் நான் மனுவேல் சேருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் மூன்று வசனம்தான். 'ரெம்பில் வைத்தால் அழியும் என்று ரிஸ்வி எழுதியிருந்தார். நான் அதை வெட்டினேன். புஷ்பம் அக்காவில் பிழை இல்லை.'

சேர் அதை வாசித்து, பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவுதானோ?"

"ஓம் சேர்."

"ஏன் பிள்ளை, இப்பிடியும் எழுதத் தெரிஞ்சிருக்கே" என்றார்.

புஷ்பம் அக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. என் தகுதிகாண் காலம் இன்னும் ஆறு மாதம் நீண்டது. ரிஸ்வி நானாவின் நான்கு வரியும் ஒரு புள்ளி மாறாமல் பழைய இடத்துக்கு வந்தன. ரெம்புக்குரிய வரிக்கு மட்டும் சிவப்பு மை. கப்பல் திருப்பி அனுப்பிய மாவையும் முருங்கைக்காயையும் அலுவலகத்தில் பங்கிட்டோம். கூடுதல் பங்கு எனக்கு விழுந்தது.

இதெல்லாம் நடந்து எனக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. வீட்டுக்கு யாராவது தங்க வந்தால் என் கணவர் பெட்டியை வாங்கி அறைக்குள் வைத்துவிட்டு, "தயக்கமில்லாம வையுங்கோ, கரண்ட் போகும்வரைக்கும் ஒண்டும் ஆகாது" என்பார். வந்தவர்கள் விழிப்பார்கள். பிறகு முழுக்கதையும் சொல்லப்படும், மான் வரும் இடத்தில் அவர் எழும்பி நின்று அசைபோட்டும் காட்டுவார்.

அம்மா அவ்வளவு நீட்டமாட்டா. 'போறன்' என்ற சொல்லுக்கே படலையிலிருந்து என்னைத் திருப்பி அழைத்த அதே அம்மா, இப்போது குசினியில் மிஞ்சிய கறிச் சட்டிமேல் ஒரு துண்டு எழுதி வைக்கிறா: 'பின்னேரத்துக்குள்ள தின்னாட்டி இது குப்பைக்குள்ள போகும். மங்கை இந்த வசனத்தில கை வைக்கக்கூடாது.'

வசனம் முரடாகத்தான் இருக்கிறது. பேனாவும் பக்கத்திலேயே கிடக்கிறது. நான் கறியைச் சாப்பிட்டுவிட்டு எழும்பிவிடுகிறேன்.