தம்பியின் மொட்டையும் ஓடிப்போன சேனாதிபதியும்

ஆயக்குடி

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு, சண்முகப்பிரியா வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கொய்யா நல்ல காய்ப்பு. திருப்பூரில் நீங்களும் பெரியம்மாவும் நலமாக இருக்க வேண்டும். தம்பி சிவமுருகனுக்கு மொட்டை போட்டாயிற்று. கோபப்படாமல் கடைசி வரை படிக்க வேண்டுகிறேன். நேரில் உங்கள் முன் எனக்குப் பேச்சு வராது, போனில் அதைவிட மோசம். அதனால்தான் கடிதம்.

முதல் முடி குலதெய்வத்துக்குத்தான் என்று நீங்கள் கண்டிப்பாகச் சொன்னதாலும், அந்தக் குலதெய்வம் எங்கே இருக்கிறதென்று நம்மில் யாருக்கும் தெரியாததாலும் தம்பிக்கு நாலு வயசாகியும் கத்தி படவில்லை. உலகமே பழனிக்கு வந்து மொட்டை போட்டுக்கொண்டு போக, பழனி மலை தெரிகிற வீட்டில் இவன் இரட்டைச் சடையோடு உட்கார்ந்திருந்தான். எனக்கு அவசரப்பட்டுப் பழனியில் போட்டதால்தான் கணக்கு வராமல் ஒன்பதாவதோடு நின்றேன் என்று நீங்கள் சொன்ன பிறகு அம்மாவும் வாய் திறக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. பெயர் சேர்க்கப் போனபோது டீச்சர், "பாப்பா பேரு என்ன?" என்று கேட்க, அவன் அங்கேயே அழுது, மொட்டை போடாமல் பள்ளிக்கூடமே போக மாட்டேன் என்றுவிட்டான்.

குலதெய்வம் தெரிய வேண்டுமானால், தாது வருஷப் பஞ்சத்தில் மலையிலிருந்து இறங்கி வந்த நம் முப்பாட்டன் சேனாதிபதித் தாத்தாவின் ஊர் தெரிய வேண்டும். வீட்டுப் பத்திரத்தில் சரியாக ஊர்ப்பெயரை மட்டும் கரையான் தின்றிருந்தது. நகல் வாங்க அப்பா என்னை பத்திர ஆபீசுக்கு அனுப்பினார். கூச்சத்தில் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டு நின்றதில் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். மறுநாள் கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். கிடைத்த நகலில், 'பாச்சலூர் பொன்னுச்சாமி மகன் சேனாதிபதி, கைநாட்டு' என்றிருந்தது. அப்பா துள்ளிக் குதித்தார்.

மறுநாள் வெள்ளனே பஸ் ஏறினோம். பாச்சலூர் டீக்கடையில் அப்பா, "இங்க சேனாதிபதி வீடு எதுங்க?" என்றார். மூன்று பேர் எழுந்து நின்றார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துக்கொண்டே வந்தால் வேறு என்ன ஆகும்!

"எந்தச் சேனாதிபதிங்க? காப்பிக்காட்டுச் சேனாதிபதியா, செத்துப்போன சேனாதிபதியா?" என்றார் டீக்கடைக்காரர்.

"பஞ்சத்துல கீழ எறங்கிப் போனவருங்க."

"அட, ஓடிப்போன சேனாதிபதி! ஏலே, பூசாரி மலையனைக் கூப்பிடு, வெரசா!"

மலையன் எங்களைக் காப்பித் தோட்டத்துக்கு மேலே கூட்டிப்போய், மரத்தடியில் மூன்று கற்களைக் காட்டி, "இதுதாங்க உங்க சாமி" என்றார். அம்மா அழுதேவிட்டார். அப்பா பையிலிருந்து சவரக்கத்தியை எடுத்தார்.

மலையன் பதறிப்போனார். "கத்தி எதுக்குங்க?"

"முடி எறக்கத்தாங்க."

"முடியா? எங்க சாமி முடியெல்லாம் வாங்காதுங்க. தேனும் மலைவாழைப்பழமும்தான். முடி எறக்கணும்னா நாங்களே பழனிக்குத்தான் வருவோம்!"

குலதெய்வத்தின் பூசாரியே சொன்ன பிறகு நாங்கள் என்ன செய்ய? திரும்பும் வழியில் பழனியிலேயே இறங்கி மொட்டை போட்டுவிட்டோம். சந்தனம் பூசியதும் தம்பி கண்ணாடியை விட்டு நகரவில்லை. எனக்குக் கணக்கு வராததற்கும் வேறு காரணம்தான் இருக்க வேண்டும் பெரியப்பா.

பழனியாண்டவர் உங்களைக் கோபதாபம் இல்லாமல் நூறு வயது வைத்திருக்கட்டும். பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்குப் பணிவுள்ள மகள்,
சண்முகப்பிரியா

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் மலையன் போன் செய்தார். "ஓடிப்போன சேனாதிபதிக்குக் கல்யாணமே ஆகலையாம்ங்க. எங்க ஒய்யம்மாக்கெழவி இப்பத்தான் சொல்லுது. உங்காளு பேத்துப்பாறை ஊருச் சேனாதிபதியா இருக்கும். அந்தச் சாமி முடி கேக்கும்ங்க" என்றார். நான் வாங்கி வந்த நகல் அதே பெயருள்ள வேறு யாருடையதோ. அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மாதான், "எறக்குன முடிய ஒட்டவா முடியும்? சாமிக்கு முடிதான வேணும்? உங்க பெரியப்பா தலையில நெறையக் கெடக்கே" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குச் சௌகரியப்படுமா?