பெயர் வைக்காத கட்டங்கள்

தைனான்,
வெள்ளி காலை

மரியாதைக்குரிய அக்கா யூ-ச்சின் அவர்களுக்கு,

தம்பி ச்சிங்-தியன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்காலும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். செவ்வாய்க்கிழமை போனில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கவே இக்கடிதம்.

மகள் பெய்-யூன் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அச்சடித்ததோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஓய்வு பெற்ற ரயில்வே பார்சல் குமாஸ்தாவுக்குக் கை சும்மா இருக்குமா? இணையத்தில் ஒரு படிவம் செய்தேன். பெயர், எத்தனை பேர், சைவமா அசைவமா, மூன்றே கட்டம். நூற்றுப் பன்னிரண்டு பதில் வந்தது. நூற்றுப் பன்னிரண்டிலும் ஒன்றுமில்லை. பந்தல் போட்டுச் சமைக்கப்போகிற ஆ-ஷுய் தினமும் வாசலில் வந்து, "எத்தனை மேசைண்ணே? நண்டுக்குச் சொல்லணும்ல?" என்று நிற்கிறான். சொந்தக்காரர்கள் கூடிப் பேசி என்னை அவமானப்படுத்துவதாக முடிவு கட்டி உங்களைக் கூப்பிட்டேன். "எட்டுப் பேருன்னு அடிச்சேன்டா" என்றீர்கள். "வெறும் தாளை அனுப்பிட்டுப் பொய் வேற சொல்றீங்களாக்கா" என்றேன். மற்றது உங்களுக்கே தெரியும்.

பிறகுதான் பெய்-யூன் பார்த்தாள். "அப்பா, கட்டத்துக்குப் பக்கத்துல எழுதியிருக்கீங்களே, அது மனுஷங்க படிக்கிறதுக்கு. சர்வர்ல பதிலை வாங்கி வைக்கிற ஸ்கிரிப்ட் அதைப் பார்க்காது. ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளே தனித்தனியா ஒரு பேர் வைக்கணும். பேரில்லாத கட்டத்துல என்ன அடிச்சாலும் அது இங்கேருந்து கிளம்பவே கிளம்பாது" என்றாள். விலாசமில்லாத பார்சல் ரயிலேறாது என்று முப்பது வருடம் ஊரார்மேல் எரிந்து விழுந்தவன் நான்.

உடனே பெயர் வைத்தேன். ஒரு வரியை எழுதி மற்ற இரண்டுக்கும் அதையே நகலெடுத்து ஒட்டினேன். மூன்றுக்கும் 'பெயர்' என்றே பெயர் ஆகிவிட்டது; ஸ்கிரிப்ட் கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டது. அது தெரியாமல் எல்லோரையும் மறுபடி நிரப்பச் சொன்னேன்; மறுநாள் விருந்தினர் பட்டியலில் திருவாளர் அசைவம், திருவாளர் அசைவம், திருவாளர் சைவம். எட்டிப் பார்த்த ஆ-ஷுய், "நல்ல குடும்பம்ணே, நண்டு ரெண்டு மடங்கா சொல்லிடறேன்" என்றான்.

பெய்-யூன் சிரிக்கவில்லை. "அம்மாவும் இல்ல. அத்தையும் வரலைன்னா எனக்கு மணப்பொண்ணு முக்காடு போட்டுவிடுறது யாருப்பா?" என்றாள். நான் உட்கார்ந்து படிவத்தைத் திருத்தினேன்.

இப்போது எல்லாம் சரி. 'சொல்ல விரும்புவது' என்று நாலாவது கட்டமும் சேர்த்திருக்கிறேன், பெயரோடு. அது உங்களுக்காகத்தான். மறுபடி ஒருமுறை நிரப்புங்கள் அக்கா.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

தங்கள் தம்பி,
ச்சிங்-தியன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது தங்கள் பதில் வந்தது. பெய்-யூன் முந்திக்கொண்டு உங்களோடு பேசிவிட்டாள் போலும். பெயர்: யூ-ச்சின். எத்தனை பேர்: எட்டு. சைவம். சொல்ல விரும்புவது: "பொண்ணுக்காக வரேன். உன்கூடப் பேசமாட்டேன். லெட்டர் கிட்டர் எழுதி உயிரை வாங்காதே." ஓர் எழுத்து விடாமல் வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே இக்கடிதத்தை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளவும்.