கோட்டண்ணை ஆஜரான சலவை வழக்கு

சட்டம் படித்தவர்கள் சுவிட்சர்லாந்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். தனக்கென்று ஒரு வழக்குக்கூட இல்லாமல் வாழ்நாள் முழுக்க வழக்காடியவர் எங்கள் கோட்டண்ணை ஒருவர்தான்.

யாழ்ப்பாணத்தில் நீதிமன்றத்தைக் கோடு என்போம். அதுவும், கோடை வெயிலிலும் அவர் கழற்றாத கறுப்புக் கோட்டும் சேர்ந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர், அவர் குடியிருக்கும் திரிம்பாக் ஊர்க் கோயிலில் அர்ச்சனை செய்யும் ஐயருக்கு மட்டுந்தான் தெரியும்.

தொழில், உணவகம் ஒன்றில் சமையல். படிப்பு, தொலைக்காட்சி. அகதி முகாமில் இருந்த காலத்தில் மத்தியானங்களில் பழைய அமெரிக்க நீதிமன்றத் தொடர் ஒன்று, கறுப்பு வெள்ளையில், ஜேர்மன் குரலில் போகுமாம். அண்ணை ஜேர்மன் கற்றது அதில்தான். அதனால் பேக்கரியில் பழைய பாணை நீட்டினால், "கனம் நீதிபதி அவர்களே, ஆட்சேபிக்கிறேன்!" என்பார். கடைக்காரப் பெண் பயந்துபோய்ச் சூடான பாண் கொடுப்பாள். பல் வைத்தியரிடம் வாயைத் திறந்தபடியே ஆட்சேபித்த ஆள் அவர்.

இப்பேர்ப்பட்டவர்தான் ஒருநாள் என் வழக்குக்குள் நுழைந்தார்.

நாங்கள் இருப்பது லாங்கன்தாலில் ஓர் அடுக்குமாடியில். இந்த நாட்டில் கொலைக்கு அடுத்த குற்றம் ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்ப்பது. போன மாரியில் ஒரு ஞாயிறு, யாரோ பொதுச் சலவை அறையில் மெஷினை ஓடவிட்டுப் போக, குழாய் கழன்று நிலவறை முழுக்க வெள்ளம். மறுநாள் காலை ஹவுஸ்வார்ட், அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர், என்னைப் படிக்கட்டில் மறித்துச் சுவிஸ் ஜேர்மனில் கொட்டித் தீர்த்தார். அந்த வேகத்தில் எனக்குப் பாதிகூட விளங்கவில்லை. நான் மரியாதையாகத் தலையாட்டி, "யா, யா" என்றேன்.

நம்மோடு ஒருவர் கதைத்தால் நாம் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டே இருப்போம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம், ஒப்புக்கொள்கிறேன் என்றல்ல. வாயை மூடிக்கொண்டு நின்றால் மரியாதை கெட்டவன் என்று பெயர் வரும். அந்த ஓமைத்தான் நான் ஜேர்மனில் போட்டேன். அவர் கேட்டதோ, "நேற்றுத் தோய்த்தது நீதானே?"

கொஞ்ச நாளில் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிக் கட்டட நிர்வாகத்திடமிருந்து பதிவுத் தபால் வந்தது. எனக்கு நித்திரை போய்விட்டது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எதிரே. மனைவி வேலை செய்யும் முதியோர் இல்லம் நடை தூரம். வேறு வீடு தேடினால், எங்கள் நீளப் பெயரைப் பார்த்ததுமே வீடு வேறு ஆளுக்குப் போய்விட்டது என்பார்கள். வாடகைத் தகராறுகளைத் தீர்க்கும் சமரச சபைக்கு முறையிட்டோம். விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

செய்தி காதில் விழுந்ததும் கோட்டண்ணை ரயிலேறி வந்துவிட்டார்.

"தம்பி, ஒண்டுக்கும் யோசியாதை. நான் வாறன்."

"அண்ணை, அது கோடு இல்லை. ஒரு மேசையும் நாலைஞ்சு கதிரையும்."

"மேசை இருக்கெல்லே? அதுவே காணும்."

வந்த கையோடு எங்களை இருத்தி அந்தத் தொடரில் ஒரு கதையைப் போட்டுக் காட்டினார். முதலாளியைக் கொன்றதாகத் தோட்டக்காரன் ஒருவன் பொலிசிடம் தானே ஒப்புக்கொண்டிருப்பான். கதை முடியப்போகும் நேரத்தில் வக்கீல் சபையைப் பார்த்து ஒரேயொரு கேள்வி கேட்பார். பின்வாங்கில் இருந்து செத்தவரின் கூட்டாளி எழுந்து, "நான்தான், நான்தான்!" என்று அலறுவான்.

"பாத்தியளோ? கள்ளன் எப்பவும் கோட்டுக்குள்ளதான் இருப்பான். கேள்வி சரியா விழுந்தா எழும்புவான்."

"எங்கட வழக்கில ஆர் அண்ணை எழும்புறது?" என்றாள் என் மனைவி.

"ஹவுஸ்வார்ட் வருவான்தானே. அவனிலதான் எனக்குக் கண்."

பிறகு ஒத்திகை. என் மனைவிதான் சாட்சி.

"பிள்ளை, சம்பவம் நடக்கேக்கை எங்கை நிண்டனி?"

"குசினிக்குள்ள. புட்டு அவிச்சனான்."

"அதுக்கு ஆர் சாட்சி?"

"புட்டுத்தான்."

"புட்டுக்கு வாய் இருக்கோ?"

"உங்களுக்கு இருக்கிற அளவுக்கு இல்லை அண்ணை."

மனிதர் அசரவில்லை. சலவை அறைக்கு இறங்கிப்போய், உலர்த்தும் மெஷினில் சிக்கியிருந்த பஞ்சைக் கிள்ளி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்துகொண்டு வந்தார். தடயமாம்.

விசாரணை நாளன்று மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணையோடு போகும்போது ரயிலில் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "அண்ணை, நீங்கள் துணைக்குத்தான் வாறியள். அங்கை வாய் திறக்காதேங்கோ."

"ஓம், ஓம்" என்றார். அந்த ஓமின் பெறுமதி எனக்குத் தெரியாதா?

அறைக்குள் மேசைத் தலைப்பில் சபைத் தலைவி. எங்களுக்கு எதிரே நிர்வாகத்தின் ஆளும் ஹவுஸ்வார்டும். "இந்த வாடகைக்காரர் தானே ஒப்புக்கொண்டிருக்கிறார்," என்று நிர்வாகத்தின் ஆள் முடித்துவிட்டார். நான் விளக்க வாயெடுத்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. இருபது வருடம் கதைத்த ஜேர்மன் அந்த நிமிடம் பார்த்துக் கைவிட்டது. பிள்ளைகளிடம் என்ன சொல்வேன் என்று நினைக்கையில் பக்கத்தில் கதிரை கிரீச்சிட்டது.

கோட்டண்ணை எழுந்துவிட்டார். கையில் பஞ்சுப் பை.

"கனம் நீதிபதி அவர்களே! உண்மையான குற்றவாளி இந்த அறைக்குள்தான் இருக்கிறான். எழுந்து நில்!"

ஒருவரும் எழும்பவில்லை. ஹவுஸ்வார்ட் இருமல் மிட்டாய் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். அண்ணை காத்திருந்தார். இன்னும் காத்திருந்தார்.

தலைவிக்குக் கோபம் வந்தது. கோபத்தில் அவர் சுவிஸ் ஜேர்மனுக்கு மாறிவிட்டார். தொலைக்காட்சி ஜேர்மன் மட்டுமே தெரிந்த அண்ணைக்கு அதில் ஒரு சொல்லும் பிடிபடாது. ஆனாலும் பெரிய மனுசி கதைக்கிறா. மரியாதை கொடுக்க வேண்டாமா?

"இது தொலைக்காட்சி அல்ல."

"யா, யா."

"இங்கே பேச உங்களுக்கு உரிமை இல்லை."

"யா, யா."

"நான் சொல்வது விளங்குகிறதா?"

"யா, யா."

தலைவி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அப்படியென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை தோய்த்ததும் நீங்கள்தானா?"

"யா, யா!" என்று தலையை நன்றாக ஆட்டினார் அண்ணை.

எனக்குப் போன நாக்கு திரும்பி வந்தது. "அம்மணி, இவர் எங்கள் கட்டடத்தில் இருப்பவரே இல்லை! திரிம்பாக்கில் இருக்கிறார். அந்த ஞாயிறு முழுக்கத் தன் உணவகத்தில் சமைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் ஒருவர் சொல்வதைக் கேட்கும்போது இப்படித்தான் சொல்வோம். படிக்கட்டில் நானும் இப்படித்தான் சொன்னேன்!"

தலைவி அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஹவுஸ்வார்டிடம் திரும்பினார். "அன்றைக்கு இவர் ஒப்புக்கொண்டதும் இந்த 'யா, யா' தானா?"

ஹவுஸ்வார்ட் நேர்மையான மனிதர். மிட்டாயை மற்றக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, "இதேதான். தலையாட்டலும் இதேதான்," என்றார்.

வேறு ஆதாரம் உண்டா என்று கேட்டார் தலைவி. நிர்வாகத்தின் ஆளிடம் எதுவும் இல்லை. நோட்டீஸை அங்கேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எல்லாம் சுவிஸ் ஜேர்மனிலேயே நடந்து முடிந்தது.

வெளியே வந்து மனைவிக்கு அழைத்தேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். திரும்பிப் பார்த்தால் கோட்டண்ணை சுவரோரம் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். முதல்நாள் வேலை முடித்து நித்திரையே இல்லாமல் வந்தவர். கண்கள் சிவந்திருந்தன.

"மன்னிச்சுக்கொள் தம்பி. ஒருத்தனும் எழும்பேல்லை. வீடு கைவிட்டுப் போட்டுதெல்லே?"

"அண்ணை, வெண்டிட்டம்! வீடு எங்களுக்குத்தான். நீங்கள்தான் வெண்டு தந்தனியள்."

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதை. கள்ளன் பிடிபடாமல் வெண்ட வழக்கை நான் ஒருநாளும் பாக்கேல்லை." கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த முறை விடமாட்டன்."

அடுத்த முறை என்று ஒன்று வரவே கூடாது என்று அந்த இடத்திலேயே கடவுளை வேண்டிக்கொண்டேன். அப்படி வந்துவிட்டால், என் பக்கத்துக் கதிரையில் அவரைத் தவிர வேறு யாரும் இருக்கவும் கூடாது.