ஆறு தொட்டி ஆதாரம்

"மேடம், ஒரு மீன் செத்துப்போச்சு."

தொலைபேசியில் வந்த இந்தச் செய்தியைக் கேட்டு ஆதாரம்மாவுக்கு அரசாங்கமே கவிழ்ந்துவிட்டது போல இருந்தது.

"எந்த மீன்?"

"ஆரஞ்சு மீன் மேடம்."

"எல்லாமே ஆரஞ்சு மீன்தானே! எப்போ?"

"காலையில ஆபீஸ் திறந்தப்போ மேலாக்க மிதந்துச்சு. ஸ்டாஃப் எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நின்னோம்."

பேசியவர் நாலாம் நம்பர் சான்றிதழ் அலுவலகத்தின் மேலாளர். குரலில் உண்மையான துக்கம் இருந்தது. ஆதாரம்மாவுக்குத் துக்கம் வேறு. ஆராய்ச்சி நடுவில் மீன் குறைந்தால் கணக்கு உதைக்கும்.

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. வீட்டிலும் வேலையிலும் ஆதாரம்மாதான். யார் எதைச் சொன்னாலும், "ஆதாரம் இருக்கா?" என்று கேட்டுவிடுவாள். சாப்பாட்டில் உப்பு தூக்கல் என்று கணவன் முணுமுணுத்தால், "எத்தனை பேர் சொன்னாங்க? நீங்க ஒருத்தர்தானே?" என்று வாயை அடைத்துவிடுவாள். அரசுக் கொள்கைகளுக்கு ஆராய்ச்சி ஆதாரம் தேடித் தரும் பிரிவின் தலைவி அவள். பிரிவு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அவள், ஒரு கணினி, சுற்றும்போது முனகும் ஒரு மின்விசிறி, அவ்வளவுதான்.

வந்த நாளிலிருந்து மாய்ந்து மாய்ந்து அறிக்கை எழுதியிருக்கிறாள். ஒன்றுகூடக் கொள்கையானதில்லை. ஒன்றே ஒன்று மட்டும் பயன்பட்டது. நல்ல தடிமனான அறிக்கை அது. செயலாளர் அறையில் காற்றுக்கு அடித்துக்கொண்டிருந்த கதவுக்கு அதைத்தான் முட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த அறைக்குப் போகும்போதெல்லாம் அவள் குனிந்து அதை ஒருமுறை பார்த்துவிட்டு வருவாள்.

அப்படியிருக்கும்போதுதான் புது அமைச்சர் வந்தார். வந்த வேகத்தில், "இனிமே ஆதாரம் இல்லாம ஒரு கையெழுத்தும் போட மாட்டேன்" என்று மேடையில் சொல்லிவிட்டார். கைத்தட்டல் ஓய்வதற்குள் செயலாளர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பாருங்கம்மா, சான்றிதழ் ஆபீஸ்ல புகார் குறையணுமாம். அமைச்சரவைக் கூட்டத்துக்குள்ள ஒரு ஆராய்ச்சி கையில இருக்கணும். இருந்தா நீங்க பிழைச்சீங்க."

"இல்லன்னா சார்?"

"பிரிவை மூடிட்டு உங்களைச் சாமான் கிடங்குக்கு மாத்திடுவாங்க. கவலைப்படாதீங்க, அங்க எண்ணுறதுக்கு நிறைய உடைஞ்ச நாற்காலி இருக்கு."

அன்று ஆதாரம்மாவுக்கு இரவெல்லாம் நாற்காலி நாற்காலியாகக் கனவு வந்தது. காலையில் எழுந்ததும் ஒரு யோசனையும் வந்தது. பல் மருத்துவர்கள் காத்திருக்கும் அறையில் மீன் தொட்டி எதற்கு வைக்கிறார்கள்? மீனைப் பார்த்தால் மனசு அடங்கும். மனசு அடங்கினால் கோபம் அடங்கும். கோபம் அடங்கியவன் எதற்குப் புகார் எழுதப் போகிறான்?

பன்னிரண்டு சான்றிதழ் அலுவலகங்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கினாள். ஆறுக்குத் தொட்டி, ஆறுக்கு இல்லை. ஒவ்வொரு அலுவலகத்திலும் பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புப் புகார்ப் பெட்டி ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மேலாளர் அதன் பக்கக் கதவின் பூட்டைத் திறந்து, உள்ளே எத்தனை புகார் என்று எண்ணித் தொலைபேசியில் சொல்ல வேண்டும். இதைவிடச் சுத்தமான ஆராய்ச்சி உலகத்திலேயே கிடையாது என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"ஒரு தடவை நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துடுங்களேன்" என்றார் செயலாளர்.

"ஐயையோ சார்! நான் போய் நின்னா எல்லாரும் நல்ல பிள்ளை ஆயிடுவாங்க. ஆராய்ச்சி கெட்டுப்போயிடும். முடியுற வரைக்கும் அந்தத் தெருப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

தொட்டி வைக்கும் வேலையைக்கூடத் தொட்டிக்காரரிடமே முழுசாக விட்டுவிட்டாள். அவரும் ஒரே நாளில் ஆறையும் வைத்து, தண்ணீர் நிரப்பி, மீனை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

செத்த மீனுக்கு வருவோம். அதே நிறம், அதே நீளத்தில் இன்னொரு மீனை வாங்கிவிடச் சொன்னாள். இனிமேல் ஒன்றும் சாகக் கூடாது என்பதற்காக ஒரு சுற்றறிக்கையும் விட்டாள். 'மீன்களின் ஆரோக்கியத்துக்கு ஊழியர்களே பொறுப்பு.'

இரண்டு நாளில் நாலாம் நம்பர் மேலாளர் மறுபடி அழைத்தார்.

"மீன் நல்லா இருக்கு மேடம். ஆனா ஆபீஸ் வாசல்ல க்யூ தெருமுனை தாண்டிப் போயிடுச்சு."

"ஏன், கவுன்டர்ல ஆள் இல்லையா?"

"ஒருத்தர் தண்ணி சூடு பாக்கிறார். ஒருத்தர் அது சாப்பிடுதான்னு பாக்கிறார். ஒருத்தர் அது மூஞ்சிய பாக்கிறார், வாட்டமா இருக்கான்னு."

"அப்போ சான்றிதழ் யார்தான் குடுக்கிறது?"

"அது தூங்கினதுக்கு அப்புறம் குடுக்கிறோம் மேடம்."

ஆதாரம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். உடனே இரண்டாவது சுற்றறிக்கை பறந்தது. 'பணி நேரத்தில் ஊழியர்கள் மீனைப் பார்க்கக் கூடாது.'

அரசு ஊழியர்கள் சொன்னதைச் செய்வதில்லை என்று யாரோ கதை கட்டிவிட்டிருக்கிறார்கள். ஆறு அலுவலகத்திலும் அன்றைக்கே நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். தொட்டி இருந்ததோ பொதுமக்கள் பக்கம். ஆகவே பொதுமக்களுக்கும் முதுகுதான்.

"விண்ணப்பத்தை எப்படி வாங்குறீங்க?" என்று அவள் பதறினாள்.

"தோள் மேல நீட்டச் சொல்லியிருக்கோம் மேடம். முத்திரை குத்தி அப்படியே பின்னாடி போடுறோம். யார் எடுத்தாங்கன்னுதான் தெரியல."

இதற்குள் தொட்டி கிடைக்காத ஆறு அலுவலகங்களில் புகைச்சல் கிளம்பியது. "நாங்க மட்டும் என்ன இளைச்சவங்களா? எங்களுக்கு ஏன் மீன் இல்ல?" என்று ஊழியர் சங்கம் கொடி பிடித்தது. ஒரு இடத்தில் தண்ணீர் ஜாடியில் சொந்தச் செலவில் மீன் விட்டுவிட்டார்கள். மீனில்லா அலுவலகத்தில் மீன் புகுந்தால் ஒப்பிடுவது எதை? ஜாடியைப் பறிமுதல் செய்யச் சொன்னாள். அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். சமாதானம் செய்ய வேறு வழியில்லாமல், மீனில்லா அலுவலக ஊழியர்கள் மதியம் மீனுள்ள அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று மூன்றாவது சுற்றறிக்கை விட்டாள்.

மதியம் போனவர்கள் சாயங்காலம்தான் எழுந்தார்கள். பெஞ்சு முழுக்க ஊழியர்கள் உட்கார்ந்து மீன் பார்க்க, சான்றிதழுக்கு வந்தவர்கள் கால் கடுக்க நின்றார்கள்.

எல்லாம் போச்சு, கிடங்குதான் கதி என்று நினைத்துக்கொண்டே அவள் வெள்ளிக்கிழமை தொலைபேசியை எடுத்தாள். மீனில்லா அலுவலகங்களில் பெட்டி நிரம்பி வழிந்தது. அடுத்து நாலாம் நம்பர்.

"புகார் எத்தனை?"

"ஒண்ணும் இல்ல மேடம். பூஜ்ஜியம்."

"சரியா எண்ணினீங்களா? திரும்ப ஒரு தடவை எண்ணுங்க."

"பூஜ்ஜியத்தை எத்தனை தடவை எண்ணினாலும் பூஜ்ஜியம்தான் மேடம்."

மீனுள்ள ஆறு அலுவலகத்திலும் அதே பதில். அடுத்த வெள்ளியும் அதே. க்யூ நீள நீள, முதுகு திரும்பத் திரும்ப, பூஜ்ஜியம் மட்டும் அசையவில்லை. ஆதாரம்மாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இத்தனை கூத்துக்கு நடுவிலும் ஜனங்கள் பொறுமையாக இருக்கிறார்கள் என்றால், அந்த மீனுக்குத்தான் எத்தனை சக்தி!

ஒருநாள் மாலை கணவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தான். இருப்பிடச் சான்றிதழுக்காக நாலாம் நம்பர் அலுவலகத்துக்குப் போயிருந்தானாம்.

"காலையில போனவன் இப்பதான் வர்றேன். கையில என்ன குடுத்திருக்கான் பாரு. இறப்புச் சான்றிதழ்! வேற யாரோடதோ! உன் ஆராய்ச்சில தீயை வைக்க."

"உங்க ஒருத்தர் அனுபவம் ஆதாரம் ஆகாதுங்க."

"வாசல்ல நின்ன அத்தனை பேரும் திட்டினாங்க!"

"திட்டினா போதுமா? புகார் எழுதினாங்களா? நீங்க எழுதினீங்களா?"

"எழுதாமயா? அங்கயே ரெண்டு பக்கம் எழுதி, போடலாம்னு கையில வச்சுக்கிட்டுப் போனேன். அங்க பார்த்தா அந்த மீன் தொட்டி..."

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" ஆதாரம்மா துள்ளிக் குதித்தாள். "புகாரைக் கையில வச்சுக்கிட்டுப் போன மனுஷன், மீனைப் பார்த்ததும் அப்படியே திரும்பி வந்துட்டீங்க!"

"அட, நான் சொல்றதை முழுசாக் கேளு..."

"வேண்டாங்க. சொன்னா நான் எழுதிக்கணும். எழுதினா, சொந்தக்காரர் வாக்குமூலத்தைச் சேர்த்துட்டாளேன்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான்."

அவன் அந்த இரண்டு பக்கத்தையும் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். அவளுக்கு ஒரு கணம் மனசு உறுத்தியது. ஒருமுறை போய்த்தான் பார்த்துவிடலாமா? கைப்பையைக்கூட எடுத்துவிட்டாள். பிறகு ஆராய்ச்சி கெட்டுவிடுமே என்று திரும்ப வைத்துவிட்டாள்.

அமைச்சரவைக் கூட்டத்தில் அவள் அறிக்கை ஒரே பக்கம்தான். அதில் இடது ஓரம் மீனில்லா அலுவலகங்களின் புகார் மலை, வலது ஓரம் மீனுள்ள அலுவலகங்களின் பூஜ்ஜியம். அமைச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"குறைஞ்சிருக்குன்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன். இல்லவே இல்லைங்கிறீங்களே!"

"ஆதாரம் அப்படித்தான் சொல்லுது சார்."

"பேஷ்! நாடு முழுக்க எல்லாச் சான்றிதழ் ஆபீஸ்லயும் வைங்க. ஆஸ்பத்திரி, வரி ஆபீஸ், ஒண்ணு விடாதீங்க!"

கொள்கை! அவளுடைய கொள்கை! ஆதாரம்மா வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சந்தோஷம்தான். கிடங்கு இனி இல்லை. பிரிவுக்கு முனகாத புது மின்விசிறி வந்தது. கதவுக்கு முட்டாக இருந்த பழைய அறிக்கையைச் செயலாளரே குனிந்து எடுத்து, தூசி தட்டி, அலமாரியில் வைத்தார்.

புதுத் தொட்டிகளில் முதலாவதைத் தலைமை அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் அமைச்சரே திறந்துவைப்பதாக ஏற்பாடு. ஆராய்ச்சிதான் முடிந்துவிட்டதே, அவளும் நல்ல உடையில் முன்வரிசையில் நின்றாள். பக்கத்தில் செயலாளர். கையில் கத்தரிக்கோலோடு அமைச்சர். தொட்டிக்காரர் இரண்டு ஆட்களோடு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். சும்மாவா, நாடு முழுக்க ஆர்டர்!

அப்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திட்டத்தில் தொட்டி எழுதினாள், மீன் எழுதினாள், தீனிகூட எழுதினாள். தொட்டியை வைக்க ஸ்டாண்டு என்று ஒரு வரி எழுதவே இல்லை!

"அண்ணே," என்று மெதுவாகக் கேட்டாள், "ஸ்டாண்டுக்கு நான் ஏற்பாடே பண்ணலையே, எது மேல வைப்பீங்க?"

"ஸ்டாண்டு எதுக்கும்மா தண்டத்துக்கு?" என்றார் தொட்டிக்காரர், அமைச்சருக்கும் கேட்கும்படி உற்சாகமாக. "எல்லா ஆபீஸ்லயும் ஒரு பச்சை இரும்புப் பெட்டி சும்மாதானே நிக்குது, அந்த ஆறு எடத்துலயும் அது மேலதான் வச்சேன், அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உக்காந்துச்சு, மேல மட்டும் பேப்பர் போடுற மாதிரி ஒரு ஓட்டை இருந்துச்சு, தண்ணி உள்ள இறங்கிடக் கூடாதேன்னு அதையும் நானே நல்லா அடைச்சுவிட்டுட்டேன்!"